குண்டின் வேகத்தை அளந்த மேதை – பெஞ்சமின் ராபின்ஸ்

கடலூர் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலும், ஸ்வாமி வேதாந்த தேசிகன் நெடுங்காலம் வாழ்ந்த திருவஹீந்திரபுரமும்தான். அதே கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே, கிழக்கிந்தியக் கம்பெனியாரின் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. அந்தக் கோட்டையில் 1751-ம் வருடம் ஜூலை 29-ம் தேதி ஓர் ஆங்கிலேயர் ஜுரத்தில் காலமானார். அவர் வியாபாரியும் அல்ல, படைத்தலைவரும் அல்ல. நியூட்டனின் வழியில் வந்த கணித மேதை. துப்பாக்கியிலிருந்து புறப்படும் குண்டின் வேகத்தை முதன்முதலில் நம்பத்தக்க முறையில் அளந்து காட்டியவர். பெயர் பெஞ்சமின் ராபின்ஸ்.

நான் பௌதிகம் படித்தவன். பிற்பாடு மத்திய அரசுப் பணியில் வெடிமருந்துக் கிடங்குகளை மேற்பார்வையிடும் வேலையில் பல வருடங்கள் கழித்தவன். மருந்தின் வீரியம், அதை அடைக்கும் பாத்திரத்தின் பலம், இரண்டுக்கும் நடுவே மனிதன் விட வேண்டிய இடைவெளி ஆகியவை என் அன்றாட விஷயங்களாக இருந்தன. ஆகவே இந்த மனிதரின் வரலாற்றை நம் அன்பர்களுக்குச் சொல்ல எனக்கு ஆசை. துப்பாக்கி நம் வீடுகளுக்குச் சம்பந்தமில்லாத வஸ்துதான். ஆனால் அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதே என்ற பாடம் எல்லா வீட்டுக்கும் சம்பந்தமுள்ளது.

பாத் நகரத்துப் பையன்

ராபின்ஸ் 1707-ல் இங்கிலாந்தின் பாத் நகரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். குவேக்கர்கள் யுத்தத்தை அறவே வெறுப்பவர்கள். ஆயுதம் தொடுவதில்லை என்பது அவர்களது விரதம். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர் பீரங்கி சாஸ்திரத்துக்கே தந்தையானது விதியின் விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும்.

பையனுக்குக் கல்லூரிப் படிப்புக்கு வழியில்லை. ஆனால் கணக்கில் அபாரமான புத்தி. அவன் எழுதிய ஒரு தாள் லண்டனில் டாக்டர் ஹென்றி பெம்பர்டன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. நியூட்டனின் பிரின்ஸிபியா நூலின் மூன்றாம் பதிப்பை 1726-ல் பதிப்பித்தவர் இந்தப் பெம்பர்டன்தான். அவர் சில கடினமான கணக்குகளை அனுப்பிப் பரீட்சித்தார். பையன் எல்லாவற்றையும் போட்டு அனுப்பிவிட்டான். லண்டனுக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. அங்கே பழைய கிரேக்க ஜியோமிதி நூல்களையும் நியூட்டனையும் தாமாகவே படித்தார். பிறருக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்து ஜீவனம் நடத்தினார். குவேக்கர்களுக்கே உரிய எளிய உடையையும் நாளடைவில் விட்டுவிட்டார்.

நியூட்டன் காலமான 1727-ம் வருடத்திலேயே, இருபது வயதில், ராபின்ஸ் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நம் ஸ்ரீநிவாச ராமானுஜன் 1918-ல் பெற்ற அதே கௌரவம் அது. ராமானுஜன் அதைப் பெற்றபோது அவருக்கு முப்பது வயது. வறுமையில் வளர்ந்து, பட்டம் ஏதுமின்றி, தாள்களை அனுப்பித் தம் திறமையை நிரூபித்தவர்கள் என்ற வகையில் இருவருக்கும் ஒரு ஒற்றுமை தெரிகிறது.

அடுத்த சில ஆண்டுகளில் ராபின்ஸ் பெரிய பெரிய பண்டிதர்களோடு வாதம் புரிந்தார். நியூட்டனின் நுண்கணிதத்துக்கு அஸ்திவாரமே இல்லை என்று பிஷப் பெர்க்லி 1734-ல் தாக்கி எழுதியபோது, 1735-ல் அதற்குத் தெளிவான சமாதானம் எழுதியவர்களில் ராபின்ஸ் முக்கியமானவர். 1739-ல் ஐரோப்பாவின் தலைசிறந்த கணித மேதை ஆய்லரின் இயக்கவியல் நூலையே கடுமையாக விமர்சித்தார். இந்த விமர்சனத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கிடைக்காமல் போன உத்தியோகம்

கணிதம் சொல்லிக் கொடுப்பதோடு அவர் நிற்கவில்லை. பாலம், துறைமுகம், கோட்டை கட்டுதல் ஆகியவற்றில் மனம் சென்றது. புகழ்பெற்ற கோட்டைகளை நேரில் பார்க்க பிளாண்டர்ஸ் பகுதிக்குப் போய்வந்தார். அரசியலிலும் இறங்கினார். அப்போதைய பிரதமர் வால்போலின் ஆட்சியைக் கண்டித்துப் பிரசுரங்கள் எழுதினார்.

1741-ல் வுல்விச் என்ற இடத்தில் அரசாங்கம் பீரங்கிப் படை அதிகாரிகளுக்காக ஒரு கலாசாலை தொடங்கியது. அங்கே கணிதப் பேராசிரியர் பதவிக்கு ராபின்ஸ் ஆசைப்பட்டார். தகுதியில் அவருக்கு மேற்பட்டவர் இல்லை. ஆனால் ஆட்சியாளர்களை எதிர்த்து எழுதியவருக்கு அந்த வேலை எப்படிக் கிடைக்கும்? வேறொருவருக்குப் போயிற்று. அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு இது புதிய கதையல்ல.

அந்தப் பதவிக்காகத் தயாரித்த விஷயங்களை அவர் வீணாக்கவில்லை. 1742-ல் அவை பீரங்கிக் கலையின் புதிய தத்துவங்கள் என்ற பொருள்படும் சிறு நூலாக வெளிவந்தன. வேலை போனது, சாஸ்திரம் பிறந்தது.

ஊசல் சொன்ன உண்மை

அதுவரை நிலைமை என்ன? குண்டு காற்றில் பரவளையப் பாதையில் செல்லும் என்று கலீலியோ காட்டியிருந்தார். காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காதபோதுதான் அது சரி. ஈயம் கனமான பொருள், காற்று லேசானது, ஆகவே தடையைப் பொருட்படுத்த வேண்டாம் என்று பலரும் நினைத்தார்கள். குண்டு என்ன வேகத்தில் புறப்படுகிறது என்பதே யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத வேகம். அதை அளக்கத்தக்க கடிகாரமும் அந்தக் காலத்தில் இல்லை.

ராபின்ஸ் கடிகாரத்தை விட்டுவிட்டு ஊசலைப் பிடித்தார். மூன்று கால் கொண்ட ஒரு தாங்கி. அதிலிருந்து தொங்கும் ஓர் இரும்புத் தகடு. தகட்டின் முகத்தில் கனத்த மரப்பலகை. மொத்த எடை சுமார் 56 பவுண்டு. குண்டு பலகையில் பாய்ந்து புதைந்துவிடும். அந்த உந்தத்தால் ஊசல் பின்னால் சாயும். அடியில் கட்டிய ஒரு ரிப்பன், ஊசல் எவ்வளவு தூரம் சாய்ந்ததோ அவ்வளவு நீளம் வெளியே இழுபடும். ரிப்பனை அளந்தால் ஊசலின் வேகம் தெரியும். ஊசலின் வேகம் தெரிந்தால் குண்டின் வேகம் தெரியும்.

இதன் உட்பொருள் உந்தம் அழியாது என்ற நியூட்டனின் தத்துவம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியும்படி ஒரு கணக்கைச் சொல்கிறேன். அவர் பயன்படுத்திய முக்கால் அங்குலக் குண்டு ஒரு பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு எடை. ஊசல் அதைப்போல் 672 மடங்கு கனம். ஆகவே நொடிக்கு 1,670 அடி வேகத்தில் வரும் குண்டு ஊசலில் புதைந்ததும், வேகம் ஏறத்தாழ 670-ல் ஒரு பங்காகக் குறைந்து, நொடிக்குச் சுமார் இரண்டரை அடி ஆகிவிடுகிறது. கண்ணால் பார்க்க முடியாத வேகத்தை, குழந்தையின் ஊஞ்சல் வேகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். ஊசல் தொங்கும் விதத்துக்கேற்ற சில திருத்தங்கள் உண்டு; அவற்றையும் அவரே கணக்கிட்டார். அந்தக் காலத்து நீளமான படைத்துப்பாக்கியில் குண்டின் வேகம் நொடிக்கு 1,600, 1,700 அடி அளவில் இருப்பது இப்படித்தான் உலகுக்குத் தெரிய வந்தது.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி காற்றின் தடை. ஊசலைத் துப்பாக்கிக்கு அருகில் ஒரு முறை, தள்ளி வைத்து ஒரு முறை என்று சுட்டுப் பார்த்தார். இடைவழியில் குண்டு இழந்த வேகம் தெரிந்தது. அந்தச் சிறு ஈயக் குண்டின் மேல் காற்று செலுத்தும் தடை அதன் எடையைப் போல் 120 மடங்கு என்று கண்டார். காற்றே இல்லாவிட்டால் அந்தக் குண்டு 17 மைல் போக வேண்டும். நிஜத்தில் ஒரு மைலைக்கூட எட்டுவதில்லை. காரணம் விளங்கிவிட்டது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் தடை திடீரென்று அதிகரிப்பதையும் அவர் கவனித்திருக்கிறார். ஜெட் விமானக் காலத்தில் எல்லோரும் பேசிய விஷயம் இது. அவர் கவனித்தது 1740-களில்.

மருந்தின் அளவும் குழாயின் பலமும்

நான் மிகவும் மதிப்பது நூலின் முதல் பகுதியை. குண்டு குழாய்க்குள் இருக்கும் அந்தக் கண நேரத்தில் என்ன நடக்கிறது என்பதை அவர் ஆராய்ந்தார். கருமருந்து எரியும்போது அதன் எடையில் சுமார் பத்தில் மூன்று பங்கு வாயுவாக மாறுகிறது, சாதாரண நிலையில் அந்த வாயு மருந்தின் கன அளவைப் போல் 244 மடங்கு இடத்தை அடைக்கும் என்று சோதித்துக் கண்டார். எரியும் உஷ்ணத்தால் அது இன்னும் சுமார் நான்கு மடங்கு விரியத் துடிக்கும். ஆக, மருந்து இருந்த அதே இடத்தில் அடைபட்டிருக்கும் வாயு, காற்று மண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அழுத்தத்தோடு குண்டைத் தள்ளுகிறது என்பது அவர் கணக்கு.

இந்த எண் குறைவானது. 1870-களில் ஆண்ட்ரூ நோபிளும் பிரடெரிக் ஏபலும் மூடிய எஃகுப் பாத்திரத்தில் கருமருந்தை எரித்து அளந்தபோது ஆறாயிரம் மடங்குக்கு மேல் வந்தது. ஆனாலும் ஓர் எண்ணைச் சொல்லி, அதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டு, அந்த வேகத்தை ஊசலால் சரிபார்த்த முதல் மனிதர் ராபின்ஸ். எண் பிற்பாடு திருந்தியது, முறை நிலைத்தது.

அவர் செய்த ஒரு சோதனையை எந்தத் துப்பாக்கிக்காரனும் மறக்கக் கூடாது. வழக்கமாகக் குண்டு மருந்தின் மேல் படிந்து உட்கார்ந்திருக்கும். அவர் வேண்டுமென்றே குண்டை மருந்திலிருந்து தள்ளி, குழாயின் நடுப்பகுதியில் நிறுத்திச் சுட்டார். மருந்தின் அளவை அதிகமாக்கவில்லை. குண்டு நின்ற இடத்துக்குச் சற்றுப் பின்னால் அந்தக் கெட்டி இரும்புக் குழாய், காற்று ஊதிய பையைப் போல் உப்பி, துண்டுகள் பிய்ந்து போயின. வெடித்த வாயு வெறும் இடத்தில் ஓடி வேகம் பிடித்து, அசையாமல் நிற்கும் குண்டின் மேல் மோதி, அங்கே குவிந்துவிடுகிறது. ஆபத்து மருந்தின் அளவில் மட்டும் இல்லை, அதை அடைக்கும் விதத்திலும் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யார் காட்ட முடியும்?

இன்னொன்று. மருந்தைக் கூட்டிக்கொண்டே போனால் வேகமும் கூடிக்கொண்டே போகும் என்ற பாமர நம்பிக்கையையும் அவர் உடைத்தார். ஓர் அளவுக்கு மேல் போட்ட மருந்து குழாயையும் சுடுபவரின் தோளையும் வதைக்குமே தவிர, பலனில் அதிகம் கூட்டாது. 1747-ல் கடற்படைக்கு ஒரு யோசனை எழுதினார். பீரங்கியில் மருந்தைக் குறையுங்கள், குண்டைப் பெரிதாக்குங்கள் என்பது அதன் சாரம். அந்த யோசனையின் வழியில்தான், அவர் இறந்து பல வருடங்கள் கழித்து, 1770-களின் இறுதியில் ஸ்காட்லாந்தின் காரன் இரும்பாலையில் கரோனேடு என்ற குட்டைப் பீரங்கி வந்தது.

ரிவால்வர் தோட்டா வரை

இதற்கும் இன்றைய ஆயுதங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் மாக்னம் என்று ஒரு வகை ரிவால்வர் தோட்டா உண்டு. பாயிண்ட் 357 மாக்னம் 1935-ல் வந்தது. பாயிண்ட் 44 மாக்னம் 1955-56-ல் வந்தது. அந்த நாட்டில் தோட்டாவைக் கடையில் வாங்காமல், பித்தளைக் கூடு, பற்றவைக்கும் கேப், மருந்து, குண்டு ஆகிய நான்கையும் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஹேண்ட்லோடிங் என்று பெயர். அதில் மிகப் பெயர் பெற்றவர் எல்மர் கீத். பழைய ரிவால்வர்களில் அதிக மருந்து போட்டுப் பார்த்தவர் அவர். 1925-ல் அப்படி ஒரு ரிவால்வர் அவர் கையிலேயே வெடித்தது. அதன் பிறகு கெட்டியான வேறு ரிவால்வருக்கு மாறினார். கடைசியில் அவருடைய வற்புறுத்தலும் சேர்ந்துதான், கம்பெனிகளே தக்க எஃகில் ரிவால்வரும், அதற்கேற்ற பாயிண்ட் 44 மாக்னம் தோட்டாவும் செய்தன.

அழுத்தத்தைப் பாருங்கள். பழைய பாயிண்ட் 38 ஸ்பெஷல் தோட்டாவுக்கு அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் வகுத்துள்ள உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. அதே விட்டமுள்ள குண்டைச் செலுத்தும் 357 மாக்னத்துக்கு 35,000 பவுண்டு. காற்று மண்டல அழுத்தத்தைப் போல் 2,300 மடங்குக்கு மேல். அதாவது ராபின்ஸ் சொன்ன ஆயிரத்தைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். மாக்னம் தோட்டாவைப் பழைய ரிவால்வரில் போட்டுவிட்டால் விபரீதம். அதனால் மாக்னம் கூட்டைச் சுமார் எட்டில் ஒரு அங்குலம் நீளமாகச் செய்தார்கள். பழைய ரிவால்வரின் உருளையில் அது முழுவதும் நுழையாது. தவறு செய்ய நினைத்தாலும் இரும்பே தடுத்துவிடும். பாதுகாப்பு என்பது எச்சரிக்கைப் பலகையில் இல்லை, பொருளின் அமைப்பில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தோட்டா கட்டுபவர்களுக்கு அங்கே சொல்லப்படும் விதிகள் ஒவ்வொன்றிலும் ராபின்ஸின் குரல் கேட்கிறது. மருந்தைக் கண்மதிப்பில் போடாதே, தராசில் நிறுத்துப் போடு. அச்சிட்ட அட்டவணையின் உச்ச அளவிலிருந்து தொடங்காதே, அதற்குச் சுமார் பத்து சதவீதம் குறைவிலிருந்து படிப்படியாக ஏறு. ஒரு மருந்துக்கு எழுதிய அளவை வேறு மருந்துக்குப் பயன்படுத்தாதே. கேப்பை மாற்றினாலும், குண்டைக் கூட்டுக்குள் சற்று ஆழமாக இறக்கினாலும் அழுத்தம் கூடும் என்பதை மறவாதே. மருந்து குறைந்த ஒரு தோட்டாவின் குண்டு குழாயின் நடுவில் சிக்கி நின்றிருக்கும்போது அடுத்ததைச் சுடாதே; குழாய் உப்பி வெடிக்கும். இந்தக் கடைசி விதியைப் படிக்கும்போது, 1740-களில் உப்பிப் பிய்ந்த அந்த இரும்புக் குழாய்தான் என் கண் முன் நிற்கிறது.

வேகம் விஷயத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. இவ்வளவு அழுத்தமுள்ள 357 மாக்னத்தின் குண்டு, நான்கு அங்குலக் குழாயுள்ள ரிவால்வரிலிருந்து பொதுவாக நொடிக்கு 1,200 அடியை ஒட்டிய வேகத்தில்தான் புறப்படுகிறது. ராபின்ஸின் கருமருந்துத் துப்பாக்கி 1,600 அடியைத் தாண்டியது. காரணம் அதன் குழாய் 45 அங்குலம். வாயு குண்டை அவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டே வருகிறது. குழாயின் நீளத்துக்கும் வேகத்துக்கும் உள்ள இந்தச் சம்பந்தமும் அவர் கணக்கில் அடங்கியதே. வெறும் அழுத்தம் வேகம் ஆகாது.

நம் நாட்டில் 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். பேரன்மார் யாராவது இதைப் படித்து உற்சாகப்பட்டால், ஊசல் பரிசோதனையை மரக்குண்டும் களிமண்ணும் வைத்துச் செய்து பார்க்கட்டும். பௌதிகம் அதிலும் அதேதான்.

எதிரியே செய்த மரியாதை

ராயல் சொசைட்டி 1746-ல் ராபின்ஸுக்குத் தன் உயர்ந்த விருதான காப்ளி பதக்கத்தை வழங்கியது. ஆனால் அதைவிடப் பெரிய கௌரவம் வெளிநாட்டிலிருந்து வந்தது. பிரஷ்யாவின் அரசர் பிரெடெரிக்குக்காக பெர்லினில் ஆய்லர் அந்த நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்து 1745-ல் வெளியிட்டார். ஆறு வருடங்களுக்கு முன் தம்மைக் கடுமையாக விமர்சித்தவரின் புத்தகம்! கோபத்தை மனத்தில் வைக்காமல், மூலத்தைவிடப் பல மடங்கு நீளமான விளக்கவுரையும் எழுதிச் சேர்த்தார். நம் மரபில் பாஷ்யகாரர்கள் மூல நூலுக்குச் செய்யும் மரியாதை அது. அந்த உரை பிரெஞ்சுக்குப் போயிற்று. 1788-ல் ஓஸோன் நகரத்துப் பீரங்கிப் பள்ளியில் இருந்த நெப்போலியன் என்ற இளம் அதிகாரி அதைக் குறிப்பெடுத்துப் படித்தார்.

இதற்குள் ராபின்ஸ் இன்னொரு புதிரையும் விடுவித்திருந்தார். உருண்டைக் குண்டு ஏன் சில சமயம் நேர்ப்பாதையை விட்டு வளைந்து போகிறது? குழாயின் பக்கத்தில் உரசிச் சுழல்வதால்தான் என்றார். நிரூபிக்க, குழாயின் நுனியைச் சற்று இடப்பக்கம் வளைத்துச் சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் போய், பிறகு சுழற்சியால் வலப்பக்கம் திரும்பியது. வழியில் தொங்கவிட்ட மெல்லிய தாள்களில் விழுந்த துளைகள் சாட்சி சொல்லின. கிரிக்கெட்டில் சுழற்பந்து காற்றிலே நகர்வதற்கும் இதுவே காரணம். நூறு வருடம் கழித்து ஜெர்மானியரான மாக்னஸ் 1852-ல் இதை விரிவாக ஆராய்ந்ததால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. குழாயின் உட்புறம் மரை வெட்டிக் குண்டை ஒழுங்காகச் சுழலவிட்டால் குறி தவறாது என்பதையும், இதில் முதலில் தேர்ச்சி பெறும் தேசம் மற்றவர்களை மிஞ்சும் என்பதையும் 1747-ல் எழுதிவைத்தார். அடுத்த நூற்றாண்டில் அப்படியே நடந்தது.

கடலூருக்கு வந்த கப்பல்

கப்பலில் உலகைச் சுற்றிவந்த ஆன்ஸன் பிரபுவின் பயணநூல் 1748-ல் வெளிவந்து பெரும் புகழ் பெற்றது. அதை எழுதியதில் ராபின்ஸுக்குக் கணிசமான பங்கு உண்டு. ஆன்ஸனின் ஆதரவால் 1749-ல் அவருக்கு ஒரு பதவி தேடி வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளர்.

அப்போது நம் பக்கத்து நிலைமை என்ன? 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைச் சுலபமாகப் பிடித்துவிட்டார்கள். சமாதான உடன்படிக்கைப்படி 1749-ல் திருப்பிக் கொடுத்தாலும், கம்பெனியின் தலைமையகம் 1752 வரை கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையிலேயே இருந்தது. சற்று வடக்கே புதுச்சேரியில் டூப்ளே கவர்னர். அவருக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தினமும் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. இற்றுப்போன கோட்டைகளைப் பலப்படுத்த ஒருவர் அவசரமாகத் தேவைப்பட்டார்.

1749 டிசம்பரில் புறப்பட்ட ராபின்ஸ் 1750 ஜூலையில் வந்து இறங்கினார். கோட்டை வேலைக்கு நடுவே வானத்தையும் ஆராயலாம் என்று வானவியல் கருவிகளையும் கொண்டுவந்திருந்தார். சென்னைக்கும் கடலூருக்கும் கோட்டைத் திட்டங்களை வரையத் தொடங்கினார். வந்த சில மாதங்களிலேயே ஜுரம் கண்டது. தேறினார், மறுபடி விழுந்தார். கம்பெனிக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருக்கும்போதே, கையில் பேனாவோடு உயிர் பிரிந்தது என்று சொல்வார்கள். நம் மண்ணில் அவர் வாழ்ந்தது ஓராண்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அவர் மறைந்து ஒரு மாதம் கழித்து ராபர்ட் கிளைவ் சென்னையிலிருந்து ஆற்காட்டுக்குப் புறப்பட்டார். சரித்திரப் பாடத்தில் கிளைவுக்கு இடமுண்டு, ராபின்ஸுக்கு இல்லை.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. நண்பர் ஜேம்ஸ் வில்சன் அவருடைய கட்டுரைகளைத் தொகுத்து 1761-ல் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். செயின்ட் டேவிட் கோட்டையை 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துவிட்டார்.

அந்தக் கோட்டைக்கு இன்னொரு கதையும் உண்டு. 1690-ல் கம்பெனியார் மராட்டியரிடமிருந்து அதை விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள நிலமெல்லாம் கோட்டையோடு சேர்த்தி என்று ஒப்பந்தம். நாலா பக்கமும் பீரங்கி சுட்டு எல்லை குறித்தார்கள். அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. மருந்து எவ்வளவு, குண்டு எவ்வளவு என்று கேட்டால் எல்லையே மாறிவிடும். அன்று கேட்பாரில்லை. குண்டு ஏன் அவ்வளவு தூரம் போகிறது, ஏன் அதற்கு மேல் போகவில்லை என்று உலகுக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர், அறுபது வருடம் கழித்து அதே கோட்டைக்கு வந்து கண் மூடினார்.

யுத்தத்தை வெறுத்த குடும்பத்தில் பிறந்தவர் யுத்தத்துக்கு உதவலாமா என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அவருடைய கணக்கால் பீரங்கிகள் வலுத்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் அளவு தெரியாத காலத்திலும் துப்பாக்கிகள் இருந்தன. எதிரியைப் போலவே சுடுபவனையும் கொன்றன. சுரங்கம் தோண்டும் இடத்திலும், மலையைக் குடைந்து ரயில் விடும் இடத்திலும், இத்தனை மருந்து, இத்தனை அழுத்தம், இத்தனை தூரம் என்று இன்று வரம்பு கட்ட முடிகிறதென்றால், மருந்தின் வலிமையை எண்ணில் எழுத வேண்டும் என்று தொடங்கிவைத்தவர்களில் அவர் முதன்மையானவர். நான் பணியிலிருந்த காலத்தில் கையெழுத்திட்ட ஒவ்வொரு கிடங்கு உரிமத்திலும் ஓர் எடையும் ஒரு தூரமும் இருக்கும். அந்த இரண்டு எண்களுக்கும் பின்னால் எத்தனையோ தொழிலாளர்களின் உயிர் இருந்தது.

அடுத்த முறை திருவஹீந்திரபுரம் தேவநாதப் பெருமாளைச் சேவிக்கவோ பாடலீஸ்வரரைத் தரிசிக்கவோ போகும் அன்பர்கள், ஒரு மணி நேரம் ஒதுக்கித் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கும் போய்வாருங்கள். பேரக் குழந்தைகள் உடன் வந்தால் ஊசலின் கதையைச் சொல்லுங்கள். ஐம்பத்தாறு பவுண்டுப் பலகை இரண்டரை அடி வேகத்தில் அசைந்ததைப் பார்த்து, கண்ணுக்கே தெரியாத வேகத்தை ஒருவர் கண்டுபிடித்தார் என்று சொன்னால் அவர்களுக்குக் கட்டாயம் புரியும்.